தராசும் சுளகும்

(தனிமனித உரிமை, சந்தை, அரசு – ஓர் ஆய்வு)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல் மாணவி

முன்னுரை

நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் இவ்வாண்டு ஒரு பட்டிமன்றம் நடைபெற்றது. 'தனிமனித சுதந்திரத்தை வளர்ப்பது தடையற்ற சந்தையா, அரசின் தலையீடா?' என்பது தலைப்பு. ஓர் அணியினர் ஆடம் ஸ்மித்தைத் துணைக்கு அழைத்தனர். மற்றோர் அணியினர் கார்ல் மார்க்சை அழைத்தனர். இரு பக்கமும் கைதட்டலுக்குக் குறைவில்லை. இறுதியில் நடுவர் அவர்கள் 'இரண்டுமே தேவை' என்று தீர்ப்பு வழங்க, மன்றம் இனிதே கலைந்தது.

வீடு திரும்பும் பேருந்தில் அமர்ந்திருந்த எனக்கு அத்தீர்ப்பு நிறைவு தரவில்லை. இரண்டும் தேவை என்றால் எங்கே எது தேவை? எவ்வளவு தேவை? ஆய்வகத்தில் 'அமிலமும் வேண்டும், காரமும் வேண்டும்' என்று எழுதி வைத்தால் நம் பேராசிரியர்கள் மதிப்பெண் தருவார்களா? எத்தனை மில்லி லிட்டர் விட்டாய், நிறம் எந்த இடத்தில் மாறிற்று என்றல்லவா கேட்பார்கள்? அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

நான் பொருளாதாரம் பயில்பவள் அல்லள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தந்தையார் சீசன் மாதங்களில் குற்றாலத்தில் பழம் விற்பவர்; மற்ற மாதங்களில் தென்காசிச் சந்தையில் சுமை தூக்குபவர். என் தாயார் பீடி சுற்றுபவர். எங்கள் வீட்டில் ஒரு மூலையில் தராசும் மறு மூலையில் சுளகும் இருக்கின்றன. சந்தை என்றால் என்ன, அரசு என்றால் என்ன என்பதை நான் முதலில் அறிந்தது இவ்விரண்டின் வழியாகத்தான். பிற்பாடு நூலகத்தில் படித்தவற்றை இவற்றோடு ஒப்பிட்டு எழுதுகிறேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

தராசு சொல்லும் செய்தி

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வந்து குவியும். விடியற்காலையில் என் தந்தையார் கூடையுடன் போய் அமர்வார். காலையில் ஒரு விலை, நண்பகலில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. ஞாயிற்றுக்கிழமை கேரளத்திலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் வண்டிகள் வந்து நின்றால் விலை ஏறும். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்ற செய்தி பரவினால் ஒரு மணி நேரத்தில் இறங்கும். இந்த விலையை எந்த அலுவலகமும் அறிவிப்பதில்லை. எந்த அதிகாரியும் கையெழுத்திடுவதில்லை. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எவ்வளவு சரக்கு இறங்கியிருக்கிறது, வானம் எப்படி இருக்கிறது என்ற நூறு செய்திகளும் அந்த ஓர் எண்ணுக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன.

இதைத்தான் பொருளாதார அறிஞர் ஹாயெக் 1945-ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நடத்தத் தேவையான அறிவு எந்த ஒரு தலைமை அலுவலகத்திலும் இல்லை. அது கோடிக்கணக்கான மக்களிடம் சிதறிக் கிடக்கிறது. விலைதான் அதைத் திரட்டித் தருகிறது என்பது அவருடைய வாதம். அவருக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் முன்பே, 1776-ல் வெளியான நூலில், தன் நலம் கருதி உழைக்கும் வணிகனும் தன்னை அறியாமலே பிறர் தேவையை நிறைவேற்றுகிறான் என்று ஆடம் ஸ்மித் காட்டியிருந்தார். பள்ளி இறுதி வகுப்பைக் கூடத் தொடாத என் தந்தையார் இவ்விருவரையும் படித்ததில்லை. ஆனால் அவர்கள் சொன்னதை அன்றாடம் செய்து வருகிறார். கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவர் கையிலிருக்கும் தராசில் இருக்கிறது. யாரிடமும் கைகட்டி நிற்காத அந்தப் பெருமிதம் அவர் முகத்தில் தெரியும்.

எனினும் அந்த உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. மங்குஸ்தான் நாள் தாங்காது. "சாயங்காலம் ஆச்சுன்னா பழம்தான்ட்டி நமக்கு மொதலாளி" என்று அவர் சொல்வார். பொழுது சாயும்போது வாங்க வருபவர் கேட்ட விலைக்கு அவர் கொடுத்துத்தான் ஆகவேண்டும். காலையில் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தவருக்கு மாலையில் அது முடிவதில்லை. இந்த 'வேண்டாம்' என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது மீண்டும் வரும்.

குற்றாலம் கண்ட மூதறிஞர்

தடையற்ற வாணிபத்தைப் பற்றிப் பேசுகையில் தமிழ்நாட்டார் மறக்கக்கூடாத பெயர் ராஜாஜி. அவருக்கும் நம் குற்றாலத்திற்கும் உறவு உண்டு. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில் அவருடைய விருந்தினராக ராஜாஜி இங்கு வந்து தங்கியிருக்கிறார். ரசிகமணி 1954-ல் மறைந்தார். அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, எண்பது வயதைக் கடந்த நிலையில், ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்.

அதற்குக் காரணங்கள் இருந்தன. 1955-ல் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே நம் குறிக்கோள் என்று தீர்மானித்தது. 1959-ஆம் ஆண்டு சனவரியில் நாகபுரி மாநாடு ஒருபடி மேலே சென்று, நிலங்களைச் சேர்த்துக் கூட்டுறவு முறையில் பயிரிட வேண்டும் என்றது. உழவனின் நிலம் அவன் கையைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சியவர்களை ராஜாஜியும் என். ஜி. ரங்காவும் மினு மசானியும் ஒன்று திரட்டினர். தொழில் தொடங்கவும், விரிவாக்கவும், கச்சாப் பொருள் பெறவும் அரசின் அனுமதிச் சீட்டுக்குக் காத்துக் கிடக்கும் நிலையை 'பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்யம்' என்று ராஜாஜி கண்டித்தார். அச்சொற்றொடர் இன்றும் வழங்குகிறது.

அவர் வெறும் பேச்சோடு நின்றவரும் அல்லர். போர்க்காலம் தொட்டு நீடித்துவந்த உணவுக் கட்டுப்பாட்டை 1952-ல் முதலமைச்சராக வந்ததும் துணிந்து நீக்கியவர். சுதந்திராக் கட்சி 1962 பொதுத்தேர்தலில் மக்களவையில் 18 இடங்களையும் 1967-ல் 44 இடங்களையும் பெற்றது. 1972-ல் ராஜாஜி மறைந்தார். 1974-ல் கட்சியும் வேறொரு கட்சியில் கலந்து மறைந்தது. ஆனால் 1991-ஆம் ஆண்டு சூலையில் மைய அரசு பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தபோது, அவர் முப்பதாண்டுகளுக்கு முன்பே சொல்லி வந்ததில் ஒரு பகுதி நடந்தேறியது.

மறுபக்கத்தின் வாதம்

இவ்வளவு தெளிவானதென்றால் சோஷலிசம் பேசியவர்கள் ஏன் பேசினார்கள்? அவர்கள் அறிவிலிகளா? அல்லர். 1943-ல் வங்காளத்தில் இருபது முதல் முப்பது லட்சம் மக்கள் பஞ்சத்தில் மாண்டனர். அவ்வாண்டு வங்கத்தில் இருந்த உணவின் அளவு, பஞ்சமில்லாத 1941-ஆம் ஆண்டைவிடக் குறைவில்லை என்று அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட நூலில் காட்டினார். அரிசி இருந்தது, வாங்கும் சக்தி இல்லை. போர்ச் செலவால் விலை ஏறிற்று; கூலி ஏறவில்லை. கூலியாளும் மீனவனும் கடைக்கு முன்னாலேயே விழுந்து இறந்தனர். அன்றைய விலையும் ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கையில் காசில்லாதவனின் பசி அந்தச் செய்தியில் சேரவில்லை. அன்றைய ஆங்கில அரசும் காலத்தில் தலையிடாமல் வேடிக்கை பார்த்தது.

ஆகவே எல்லாவற்றையும் அரசிடமே ஒப்படைத்துவிடலாமா? அதற்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. 1958 முதல் 1961 வரை சீனத்தில் நிலமும் விளைச்சலும் கம்யூன்களின் கையில் இருந்தன. அங்கு நேர்ந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மடிந்தனர். கீழே விளைச்சல் பொய்த்தது. மேலே பொய்க்கணக்கு போயிற்று. உண்மையைச் சொல்லச் செய்தித்தாளும் இல்லை, கேள்வி கேட்க எதிர்க்கட்சியும் இல்லை. மக்களாட்சியும் பத்திரிகைச் சுதந்திரமும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நேர்ந்ததில்லை என்று சென் கூறுவது இவ்விரு பாடங்களையும் சேர்த்துப் படித்த பிறகுதான்.

இதுவரை கூறியவை பட்டிமன்றத்திலும் ஓரளவு கேட்டவையே. இனி அங்கே யாரும் எடுக்காத பொருளுக்கு வருகிறேன். அதுதான் பீடி.

உச்ச நீதிமன்றம் ஏறிய பீடி

தென்காசி, கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைக் காணலாம். இலையும் தூளும் பீடிக்கடை தரும். பெண்கள் இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, கட்டுக் கட்டாக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. நன்றாக இல்லை என்று கடைக்காரர் ஒதுக்குவதற்குக் 'கழிவு' என்று பெயர்.

நம் குடியரசு பிறந்த ஆண்டிலேயே பீடி உச்ச நீதிமன்றம் ஏறியது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ், விவசாயப் பருவத்தில் குறிப்பிட்ட சில கிராமங்களில் யாரும் பீடி செய்யக்கூடாது என்று அரசு ஆணையிட்டது. வயல் வேலைக்கு ஆள் வேண்டும் என்பது நோக்கம். இதை எதிர்த்துப் பீடி முதலாளி ஒருவரும் தொழிலாளி ஒருவரும் வழக்குத் தொடுத்தனர். 'சிந்தாமன் ராவ் எதிர் மத்தியப் பிரதேச அரசு' என்ற அவ்வழக்கில் 1950 நவம்பரில் தீர்ப்பு வந்தது. எந்தத் தொழிலையும் செய்ய அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு குடிமகனுக்கு உரிமை தருகிறது. வயலில் இறங்க முடியாத முதியோரையும் நலிந்தோரையும் கூட பீடி செய்யாதே என்று தடுப்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்று கூறி அச்சட்டப் பிரிவுகளை நீதிமன்றம் செல்லாதவை ஆக்கியது. அரசியலமைப்புச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கும் வழக்கு இது. தனிமனித உரிமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஏது?

மிக்க மகிழ்ச்சியோடு இதை என் தாயாரிடம் விளக்கினேன். கை நிற்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஜெயிச்ச பொறவு அவுகளுக்குக் கூலி கூடுச்சாட்டி?"

எனக்கு விடை தெரியவில்லை. மறுபடி படித்துப் பார்த்தேன். அந்த வழக்கில் கூலி பற்றிய பேச்சே எழவில்லை. பீடி சுற்றலாம் என்ற உரிமையைத் தீர்ப்பு மீட்டுத் தந்தது. என்ன விலைக்குச் சுற்றுவது என்பதை அது தொடவில்லை, தொடவும் இயலாது. என் தாயாரின் கேள்விக்கு விடை தேடியபோதுதான் இக்கட்டுரையின் மீதிப் பகுதி எனக்குக் கிடைத்தது.

கழிக்கும் உரிமை யாருக்கு?

பீடித் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே உள்ளது சுதந்திரமான ஒப்பந்தம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வீட்டில் இருந்து, விரும்பிய நேரத்தில், விரும்பிய அளவு சுற்றுகிறார்கள். எனவே அவர்கள் வேலையாட்களே அல்லர் என்று முதலாளிகள் வாதிட்டனர். நாடாளுமன்றம் 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. வீட்டில் இருந்து சுற்றுவோரையும் அது தொழிலாளர் என்றது. முதலாளிகள் வழக்காடினர், 1974-ல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. அடுத்து, வருங்கால வைப்பு நிதி வீட்டில் சுற்றுவோருக்கும் உண்டா என்ற கேள்வி எழுந்தது. 1985-ல் அளித்த தீர்ப்பில் உண்டு என்றது அதே நீதிமன்றம்.

அந்த 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் காரணம் என்னை மிகவும் கவர்ந்தது. வீட்டில் தனியே அமர்ந்து சுற்றுபவர்மேல் முதலாளிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? கொண்டுவரும் பீடியைக் கழிக்கும் அதிகாரம் இருக்கிறது. அந்த ஒன்றே மேற்பார்வைக்குச் சான்று என்றனர் நீதிபதிகள். கண்காணி பக்கத்தில் நின்று அதட்ட வேண்டியதில்லை. 'இது வேண்டாம்' என்று ஒதுக்கித் தள்ளும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே முதலாளி.

இப்போது என் தந்தையாரையும் தாயாரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் சந்தையில்தான் நிற்கிறார்கள். தந்தையாரால் குறைந்த விலை கேட்பவரைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியும், மாலை வரையிலாவது. தாயாருக்கு வேண்டாம் என்று சொல்ல நேரம் காலம் எதுவுமே இல்லை. அவரிடம் வேண்டாம் என்று சொல்லப்படும். சந்தை ஒன்றே; சுதந்திரம் ஒன்றன்று.

பதினோரு ஆண்டுக் கணக்கு

சட்டம் வந்துவிட்டது, தீர்ப்பும் வந்துவிட்டது; பிறகென்ன என்று தோன்றும். என் வீட்டு அனுபவத்தைக் கூறுகிறேன். கடைப் பெயர் வேண்டியதில்லை. அது ஒரு கடையின் கதையும் அன்று.

நான் பிறக்கும் முன்பே என் தாயார் பீடி சுற்றத் தொடங்கினார். பதினோரு ஆண்டுகள் அவர் சுற்றிய பீடி வேறொரு பெண்ணின் பாஸ் புத்தகத்தில் ஏறியது. கடைக் கணக்கில் ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் விடுப்புச் சம்பளம், வைப்பு நிதி போன்ற செலவுகள் குறையும் அல்லவா? அப்பெண்ணும் எங்களைப் போன்ற ஏழைதான், அவர்மேல் குற்றமில்லை. நான் எட்டாம் வகுப்பில் படிக்கையில், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மைய அரசு தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். தொழிலாளி என்பதற்கு அடையாள அட்டை கேட்டார்கள். கடையில் கேட்டதற்கு, அப்படி ஒரு பெயரே பேரேட்டில் இல்லை என்றார்கள். விரல் நுனி தேயச் சுற்றியவர் சுற்றவே இல்லை என்று ஆயிற்று.

அவ்வாண்டு எங்கள் தெருப் பெண்கள் பதினான்கு பேர் கூடிப் பேசினர். பெயரைப் பதிந்து புத்தகம் தரும்வரை இலை வாங்குவதில்லை என்று முடிவு செய்தனர். நான்கு நாட்கள் சுளகுகள் சுவரில் சாய்ந்து கிடந்தன. ஐந்தாம் நாள் கடையிலிருந்து ஆள் வந்தது. பதினான்கு பேருக்கும் புத்தகம் கிடைத்தது.

அந்த நான்கு நாட்களைப் பற்றி நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்ற சொல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? முதற்காரணம், வீட்டில் ரேஷன் அரிசி இருந்தது. 1997-ல் மைய அரசு ஏழைகளைப் பிரித்தெடுத்துப் பங்கீடு செய்யும் முறையைக் கொண்டுவந்தபோதும் தமிழ்நாடு எல்லாருக்கும் பொதுவான முறையை விடவில்லை. 2011 முதல் அரிசிக்கு விலையும் இல்லை. கூலி வராத நான்கு நாளும் உலை கொதித்தது. இரண்டாவது காரணம், அடுத்த தெருவில் வேறொரு பீடிக்கடை இருந்தது. அதற்கும் ஆள் தேவைப்பட்டது. இங்கே இல்லையென்றால் அங்கே என்ற நிலை இருந்ததால்தான் கடைக்காரர் இறங்கி வந்தார். மூன்றாவது காரணம், பதினான்கு பேரும் ஒன்றாக நின்றது. தனியே ஒருவர் நின்றிருந்தால் அவர் பெயர் நிரந்தரமாகவே அடிபட்டிருக்கும்.

முதலாவது அரசு தந்தது. இரண்டாவது சந்தைப் போட்டி தந்தது. மூன்றாவது மக்கள் தாமே உண்டாக்கிக்கொண்டது. இம்மூன்றில் எது குறைந்திருந்தாலும் ஐந்தாம் நாள் அந்த ஆள் வந்திருக்கமாட்டார்.

அரசே வணிகனானால்

அரசின் தலையீடு எல்லாமே ஏழைக்கு நன்மை என்று இதிலிருந்து முடிவு செய்தால் அதுவும் தவறு. என் தாயாரின் மடியில் இருக்கும் இலையே அதற்குச் சாட்சி. பீடி இலை நம் மலையில் பறிப்பது அன்று. ஒடிசா, மத்தியப் பிரதேசம் முதலிய காடுகளிலிருந்து வருவது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அன்றைய ஒரிசா அரசு அந்த இலை வாணிபத்தைத் தன் ஏகபோகமாக்கியது. இடைத்தரகர் பறிப்போரைச் சுரண்டுவதைத் தடுப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. தன் நிலத்தில் இலை விளைவித்த ஒருவர் வழக்காடினார். 1951-ல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின்படி அரசு ஏகபோகம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அரசு நியமித்த முகவர்கள் உண்மையில் தம் சொந்த லாபத்துக்கே வாணிபம் செய்கிறார்கள் என்பதையும் கண்டு, அந்த ஏற்பாட்டைத் தள்ளியது. பிறகு, பழைய ஒப்பந்தக்காரர்களுக்கு மட்டுமே இலையை விற்பது என்று அரசு ஒரு திட்டம் வகுத்தது. 1969-ல் அதுவும் நீதிமன்றத்தில் வீழ்ந்தது.

இடைத்தரகரை ஒழிக்க வந்த ஏகபோகம் இடைத்தரகருக்கே கதவு திறந்தது ஏன்? வாங்குபவர் ஒருவரே என்றாகிவிட்டால், அவர் அரசாகவே இருந்தாலும், காட்டில் இலை பறிக்கும் பெண் வேண்டாம் என்று சொல்லி வேறெங்கே போவாள்? ராஜாஜி அஞ்சியது இதைத்தான். அவருடைய அச்சத்தில் உண்மை இருந்தது.

சிறிய அளவில் இதை நானும் கண்டேன். அடையாள அட்டைக்காக என் தாயார் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை சென்றார். ஒருநாள் அதிகாரி இல்லை. ஒருநாள் படிவம் இல்லை. ஒருநாள் நிழற்படத்தின் அளவு சரியில்லை. மூன்று நாள் கூலி போயிற்று. பீடிக்கடைக்குப் போட்டியாக அடுத்த தெருவில் கடை உண்டு. அந்த அலுவலகத்துக்குப் போட்டி இல்லை.

கண்ணூர் காட்டிய வழி

செங்கோட்டை தாண்டிய மலைக்கு அப்பால் நடந்த ஒன்றையும் கூறவேண்டும். 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரள அரசு 1968-ல் நடைமுறைப்படுத்த முனைந்ததும், மங்களூரைச் சேர்ந்த முதலாளிகள் கண்ணூர்ப் பகுதிக் கூடங்களை மூடினர். சுமார் 12,000 பேர் வேலை இழந்தனர். சட்டம் தொழிலாளர் நலம் நாடி வந்தது; வேலையோ போயிற்று. தலையிட்டால் முதலாளி ஓடிவிடுவான் என்று சந்தைப் பக்கத்தார் எச்சரிப்பது வெறும் மிரட்டல் அன்று என்பது இதனால் விளங்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1969 பிப்ரவரியில் தொழிலாளர்களே அரசின் நிதியுதவியுடன் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். தாமே சுற்றினர், தாமே விற்றனர், தனியார் பீடிகளோடு கடைத்தெருவில் போட்டியிட்டனர். சட்டப்படியான கூலியையும் விடுப்பையும் தந்துகொண்டே பல்லாண்டுகள் வெற்றியோடு நடத்தினர். பின்னாளில் புகைப்போர் குறைந்தபோது குடை, உணவுப் பொருள் என்று வேறு தொழில்களுக்கும் திரும்பினர். இது தடையற்ற சந்தையா, சோஷலிசமா? எந்தப் பெட்டியில் போட்டாலும் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

வெளியேறும் உரிமை

புகையிலை தீது என்பதை வேதியியல் மாணவியாகிய நான் மறைக்க முடியாது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் அரசு அதைக் கட்டுப்படுத்தி வருவது நியாயமே. தூளின் நெடியில் என் தாயார் இருமுவதை இரவில் கேட்டுக்கொண்டே நான் பாடம் படிக்கிறேன். ஆகவே வேண்டாம் என்று சொல்லும் உரிமைகளுள் மிகப் பெரியது, இந்த வேலையே வேண்டாம் என்று எழுந்து போகும் உரிமைதான். அதற்கு வேறொரு வேலை தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் படிப்பு வேண்டும்.

நான் கல்லூரிக்கு வந்தது எப்படி? அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் பெயரிலேயே வருகிறது. இவை தலையீடு அல்லவா? ஆனால் இந்தத் தலையீடு என்னை எந்த வேலையிலும் கட்டிப்போடவில்லை. இன்ன பாடம் படி, இன்னாரிடம் வேலை செய் என்று ஆணையிடவில்லை. 1948-ல் மத்தியப் பிரதேசத்தில் வந்த சட்டமும் தலையீடுதான். அது பீடியை விட்டு வயலுக்குப் போ என்றது. இரண்டுக்கும் தலையீடு என்ற ஒரே பெயரைச் சூட்டிவிட்டுப் பட்டிமன்றம் நடத்துவதால்தான் நமக்கு விடை கிடைப்பதில்லை.

முடிவுரை

ஆய்வகத்தில் தரம்பார்த்தலின்போது ஒரு சொட்டில் நிறம் மாறும் இடத்தை முடிவு நிலை என்கிறோம். இந்த ஆய்வில் நான் கண்ட முடிவு நிலை இதுதான்: எளியவர் ஒருவர் வலியவரைப் பார்த்து, பட்டினிக்கு அஞ்சாமல், 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அங்கே சந்தையை அதன் போக்கில் விடலாம். விலை தன் வேலையைச் செய்யும். முடியாவிட்டால் அரசு வரவேண்டும். வந்த அரசு அவருக்கு அந்த வலிமையைத் தந்துவிட்டு ஒதுங்குகிறதா, அல்லது தானே வேண்டாம் என்று சொல்ல முடியாத முதலாளியாகி விடுகிறதா என்றும் பார்க்கவேண்டும். தமக்கென்று ஒரு சங்கம் கூடும் உரிமை இவ்விரண்டுக்கும் அடிப்படை. அது இல்லாத இடத்தில் சந்தையும் எளியவருக்கு உதவாது, அரசும் உதவாது.

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் ஒன்று, 1966-ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் நம் மன்றத்தில் வாதாடும் நாள் வரும். அன்று நண்பர்கள் ஸ்மித்தையும் மார்க்சையும் அழைக்கட்டும். கூடவே என் தாயார் கேட்ட கேள்வியையும் கேட்கட்டும்: ஜெயித்த பிறகு அவர்களுக்குக் கூலி கூடிற்றா?

என் தாயாரிடம் இப்போது பாஸ் புத்தகம் இருக்கிறது. வைப்பு நிதியும் சேர்கிறது. ஆயினும் முன்பு சுற்றிய பதினோரு ஆண்டுகள் கணக்கில் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் ஏறாத அந்தப் பதினோரு ஆண்டுகள் நம் கல்லூரி மலரிலாவது ஏறட்டும் என்றே இதை எழுதினேன்.